பதினேழு கிண்ணத்தில் இன்சுலின்

மனித உயிரைப் பிடித்து நிறுத்துகிற ஒரு பொருளைத் திலீபன் முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசுக்கு வாங்கினான். கடைக்காரர் முதலில் நாற்பது சொன்னார். இரண்டரை ரூபாய் குறைக்க இருபது நிமிடம் ஆனது. தேனி மார்க்கெட்டில் அது ஒன்றும் அதிக நேரமில்லை.

பொருள், இன்சுலின். மருந்துக்கடைக் குப்பியில் வருவது அல்ல. ஞானசெல்வி என்ற பெண் ஒரு காகிதத்தில் எழுதிக்கொடுத்த பட்டியலின்படி பலசரக்குக் கடையில் பொறுக்கி எடுத்தது. மிளகு நான்கு, வெள்ளைப்பூண்டுப் பல் ஆறு, ஜாதிக்காய் மூன்று, கொட்டைப்பாக்கு நான்கு, உலர்திராட்சை மூன்று, கிராம்பு ஒன்று என்று நீண்டது பட்டியல். மொத்தம் பதினேழு வகை, ஐம்பத்தொரு உருப்படி. ஏலக்காய் மட்டும் அவனுடைய சொந்தச் சரக்கு. உபரியாக ஒன்றுகூட வாங்கவில்லை. பட்டியலில் ஐம்பத்தொன்று என்று எழுதியிருக்கும்போது ஐம்பத்திரண்டு வாங்குகிறவன் வியாபாரி அல்ல, பக்தன்.

தேனி-போடி ரோட்டில் ஏலக்காய்த் தரம் பிரிக்கும் ஷெட் வைத்திருந்தான் திலீபன். வயது இருபத்தெட்டு. யாரிடமும் முதல் விலைக்கு எதையும் வாங்கியதில்லை. ஞானசெல்வியை அவன் சந்தித்ததும் ஒரு பேரத்தில்தான். ராயப்பன்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, ஊரில் இருந்த தனியார் பரிசோதனைக் கூடமொன்றில் ஏலக்காயின் ஈரப்பதம் பார்த்துச் சான்று எழுதிக்கொண்டிருந்தாள் அவள். உயிர்வேதியியல் முதுகலை. அவனுடைய சாம்பிளுக்குப் பதிமூன்று சதவீதம் என்று எழுதினாள்.

"பதினொண்ணு போடுங்க மேடம். வடக்க இருந்து வர்ற பார்ட்டி பதினொண்ணுக்கு மேல தொடாது."

"மெஷின் பதிமூணுங்குது."

"சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். பன்னெண்டு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தண்ணிகிட்ட பேரம் பேச முடியாதுங்க. கொண்டுபோய் இன்னும் ரெண்டு நாள் காய வைங்க."

அவன் காய வைத்தான். சரக்கு காய்ந்தது, இவன் நனைந்துவிட்டான். அதன்பிறகு ஒரு வருடம், தேவை இருக்கிறதோ இல்லையோ, வாரம் மூன்று சாம்பிள் கொண்டுபோனான். சான்றுக்கட்டணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கியிருக்கலாம். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. விலையைத் தானாக முதலில் சொல்கிறவன் தோற்றான் என்பது அவன் ரத்தத்தில் ஊறிய பாடம். அவளும் சொல்லவில்லை. அவள் தாத்தாவும் கம்பத்தில் திராட்சை வியாபாரம் பார்த்தவராம்.

இப்படியே போயிருக்கும். ஆனால் 2004 ஜூன் கடைசியோடு பரிசோதனைக் கூடத்தை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். பெங்களூரில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலை ஆர்டர் அனுப்பியிருந்தது; திங்கட்கிழமை காலை சேர வேண்டும். அதைத் தடுக்க உலகத்தில் ஒரே ஒரு வழி இருந்தது. தேனிக்கு வெளியே, கரும்புக் காட்டை அழித்துக் கட்டிய ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மாணவிகள் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் வேலை. இல்லாவிட்டால் ஞாயிறு மாலை பெங்களூர் பஸ்.

"என்ன பாடம்?" என்று கேட்டான் திலீபன்.

"அமினோ அமிலமும் புரத அமைப்பும். கரும்பலகையில எழுதினா தூங்கிருவாக. கையில எடுத்துக் காட்டணும். இன்சுலினையே மாலையாக் கட்டிக் கொண்டுபோகலாம்னு இருக்கேன்."

ஒரு வாரம், ஏலக்காய் பொறுக்கும் பெண்கள் வீட்டுக்குப் போனபிறகு, சாயங்காலம் ஆறு மணிவரை, அவன் ஷெட்டிலேயே உட்கார்ந்து கட்டினார்கள். ஜாதிக்காயிலும் பாக்கிலும் ஆசாரியைக் கொண்டு ஊசித் துளை போட்டார்கள். அவள் சொல்லச் சொல்ல அவன் கம்பியில் கோத்தான். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. கிளைசின்தான் இருப்பதிலேயே பொடிசு, ஆகவே மிளகு. குளுட்டாமிக் அமிலம் பேரிலேயே அமிலம், ஆகவே புளியமுத்து. ஃபினைல்அலனின் உடம்பு பெருத்தது, ஜாதிக்காய். லியூசினும் ஐசோலியூசினும் ஒரே எடை, ஒரே அணுக்கள், அடுக்கு மட்டும் வேறு. ஒன்றுக்குப் பச்சை ஏலம், மற்றதற்கு வெளுத்த ஏலம்.

"சிஸ்டீனுக்கு ஏன் பூண்டு?"

"முகர்ந்து பாருங்க. அந்த வாடை கந்தகத்தோடது. சிஸ்டீன்லயும் கந்தகம் இருக்கு. ஒரு கந்தகம் இன்னொரு கந்தகத்தைப் பார்த்தா கையைப் பிடிச்சுக்கும்."

"அது பாட்டுக்குப் பிடிச்சுக்குமா? யாரும் பேசி முடிக்க வேணாமா?"

"வேணாம். பக்கத்துல வந்தாப் போதும்."

திலீபன் பூண்டை மிகுந்த பொறாமையோடு பார்த்தான்.

இரண்டு மாலைகள். ஒன்றில் இருபத்தொன்று, மற்றதில் முப்பது. ஆறு பூண்டையும் சிவப்பு நூலால் மூன்று ஜோடியாக முடிந்ததும், நேராகக் கிடந்த மாலைகள் சுருண்டு, ஒன்றையொன்று தழுவிக்கொண்டு, கைக்குள் அடங்கும் பந்தாக உட்கார்ந்தன. வியாழன் சாயங்காலம் அதைத் தாம்பாளத்தில் வைத்து, "பஸ்ல கொண்டுபோனா நசுங்கிரும். இங்கனயே இருக்கட்டும். காலையில ஒம்பதரைக்கு வர்றேன்" என்று சொல்லிப் போனாள் ஞானசெல்வி.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திலீபன் தாம்பாளத்தைப் பீரோவிலிருந்து எடுத்து நீள மேசைமேல் வைத்துவிட்டு, ஆம்னி வேனுக்குப் பெட்ரோல் போடப் போனான். அப்படியே சலூன், அப்படியே புதுச் சட்டை. அவனா வகுப்பு எடுக்கப்போகிறான் என்று கேட்கக் கூடாது.

ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. அவனே போட்டது, தினமும் தொண்டை கிழியக் கத்தியது: மேசைக்கு வந்த சரக்கு பிரிக்காமல் போகக் கூடாது. வகை வகையாக, தரம் தரமாக, பூச்சி விழுந்ததைத் தனியாக.

ஒன்பதேகாலுக்குத் திரும்பி வந்தான். மேசைமேல் பதினேழு கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. ஒரு கிண்ணத்தில் பூண்டு, ஒரு கிண்ணத்தில் மிளகு, ஒரு கிண்ணத்தில் பாக்கு. ஓரத்தில் கம்பியும் சிவப்பு நூலும் ஒழுங்காகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. மேலே ஒரு துண்டுச் சீட்டு: "எல்லாம் பூச்சி. கழிவு."

பொறுக்கும் பெண்களுக்குத் தலைவியான சங்கிலியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பெருமையாக வந்தார். "யாரு தம்பி இந்தச் சரக்க உன் தலையில கட்டுனது? ஒண்ணு பாக்கியில்லாம எல்லாத்துலயும் ஓட்டை. அதுலயும் பூண்டும் பாக்கும் ஏலமும் ஒண்ணாக் கலந்து கம்பியில கோத்து ஏமாத்தியிருக்கானுக. பிரிக்கிறதுக்குள்ள விரலு போச்சு."

திலீபன் பக்கத்திலிருந்த சாக்கின்மேல் உட்கார்ந்தான். "அக்கா, அது இன்சுலினு."

"எதுவா வேணா இருக்கட்டும். ஓட்டை ஓட்டைதான்."

வாசலில் ஞானசெல்வி நின்றாள். பச்சைச் சேலை, கையில் சாக்பீஸ் டப்பா. மேசையைப் பார்த்தாள். கிண்ணங்களைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

வியாபாரிக்கு நாக்குதான் முதல். மூளை அப்புறமாக வரும். "ஒண்ணும் போகல! எல்லாம் இங்கனதான் இருக்கு. சரக்கு அதே சரக்கு, எடை அதே எடை. என்ன குறைஞ்சுபோச்சு?"

"எடை சரிதான் திலீபன். ஆனா இது இன்சுலின் இல்ல. பலசரக்கு!"

"அதே ஐம்பத்தொண்ணுதானே..."

"எது பக்கத்துல எதுங்கிறதுலதான் உயிரே இருக்கு! இந்தக் கிண்ணத்தையெல்லாம் சக்கரை வியாதிக்காரருக்குக் குடுத்தா ரசம்தான் வைப்பாரு!" என்றாள். சொன்ன வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கண் ஓரம் பளபளத்தது. அதைப் பார்த்ததும் திலீபனுக்குப் பெங்களூர் பஸ்ஸின் பின்பக்க விளக்கு தெரிந்தது.

எழுந்தான். ஏலக் கூடத்தில் கத்திப் பழகிய குரலில் கத்தினான். "அக்கா! எல்லாரும் மேசைக்கு வாங்க. பிரிச்சத சேக்கணும். வரிசை இவுக சொல்லுவாக. ஒண்ணு மாறுனாலும் இன்னைக்குக் கூலி இல்ல. மாறலைன்னா ரெண்டு கூலி!"

"ரெண்டா?" என்றார் சங்கிலியம்மாள். "மூணுன்னா நாங்க பாடிக்கிட்டே கோப்போம்."

"மூணு!"

முதல் விலைக்கே ஒப்புக்கொண்டான். சங்கிலியம்மாள் அவனையும் பார்த்தார், பச்சைச் சேலையையும் பார்த்தார். ஏதோ புரிந்த மாதிரி ஊசியைக் கையில் எடுத்தார்.

ஞானசெல்வி சாக்குமேல் ஏறி நின்றாள். "கிளைசின்!"

"அது என்ன மொழி? சரக்குப் பேரச் சொல்லு தாயி!"

"மிளகு! வெளுத்த ஏலம்! காப்பிக்கொட்டை! புளியமுத்து! சுண்டவத்தல்! பூண்டு! பூண்டு! திராட்சை!"

பெண்கள் திருப்பிச் சொன்னார்கள். மூன்றாவது முறையில் அதற்கொரு தாளம் வந்துவிட்டது. "பூண்டு பூண்டு திராட்சை" என்ற இடம் வந்தபோது ஒருத்தி கைதட்டினாள். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறவர்கள் நாலுபேர் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "இம்புட்டுத்தானா இது? இத நம்ம ஷெட்டுலயே செய்யலாம்போலயே" என்றாள்.

"உங்க உடம்பே நாளு முழுக்க செய்யுதுக்கா" என்றாள் ஞானசெல்வி. "தப்பாம இதே வரிசையில."

"கூலி?"

"நீங்க திங்கிற பருப்புதான் கூலி. பருப்புல இருக்கிற மாலையை வயிறு அவுத்துப் போடும். இப்ப நீங்க செஞ்சீங்கல்ல, அதேமாதிரி வகைவகையா. அப்புறம் உடம்பு தனக்கு வேண்டிய வரிசையில கோத்துக்கும்."

சங்கிலியம்மாள் தலை நிமிர்த்தினார். "பாத்தியா தம்பி, நான் செஞ்சதுல பாதி சரி. மீதிப் பாதியச் செய்யத்தான் நேரம் குடுக்கல நீ."

அவருடைய சுருட்டை முடியைக் காட்டி, "அதுகூட இந்தப் பூண்டு முடிச்சாலதான்க்கா சுருண்டிருக்கு. முடியும் புரதம்தான்" என்றாள் ஞானசெல்வி. சங்கிலியம்மாள் தலையை ஒருமுறை தடவி, விரலை முகர்ந்து பார்த்தார்.

பத்து இருபதுக்குள் முதல் மாலை முடிந்து, இரண்டாவதும் வாலுக்கு வந்துவிட்டது. "ஜாதிக்காய், ஜாதிக்காய், பாக்கு, திராட்சை, வளைஞ்ச மஞ்சள், குண்டு மிளகாய். கடைசியா ஒரு திராட்சை, முடிச்சுப் போட்டுருங்க!" என்று சொல்லிவிட்டு, பூண்டு வாடை போகக் கை கழுவ ஓடினாள்.

திலீபன் திராட்சைக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தான். காலி.

"அக்கா, மூணு இருக்கணுமே?"

சங்கிலியம்மாள் கூரையைப் பார்த்தார். "ஓட்டை விழுந்ததத் தூரத்தான் போடப்போறோம்னு..."

"தின்னுட்டீகளா!"

"நல்ல சரக்குத்தான் தம்பி. ஓடைப்பட்டிப் பழம்போல இருந்துச்சு."

பின்பக்கம் குழாய் நின்ற சத்தம் கேட்டது. மணி பத்தரை. கல்லூரிக்கு இருபது நிமிடம். 'இன்னொன்றும் தொலைந்தது' என்று அவளிடம் சொல்வதைவிட ஷெட்டைக் கொளுத்திவிடலாம் என்று தோன்றியது அவனுக்கு. பல்வலிக்காகச் சட்டைப்பையில் எப்போதும் கிராம்பு வைத்திருப்பான். எடுத்தான். அளவு கிட்டத்தட்ட சரி, நிறம் கிட்டத்தட்ட சரி. எண்ணிக்கை வந்துவிட்டால் யார் ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கப்போகிறார்கள்? மூன்று தலைமுறையாக அவன் வீட்டார் மூட்டையின் அடியில் என்ன செய்துவந்தார்களோ அதையே அவன் இன்சுலினுக்கும் செய்தான். கிராம்பைக் கம்பியில் சுற்றி முடிச்சுப் போட்டான்.

"முடிஞ்சுதா?"

"ஐம்பத்தொண்ணு. எண்ணிக்கை நேர்" என்றான் திலீபன். அது பொய்யும் அல்ல. அதுதான் வியாபாரம்.

வகுப்பில் அறுபது மாணவிகள். முன்வரிசையில் தேர்வுக்குழு. நடுவில் மதுரையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் சுந்தர்ராஜ், தங்கக் கம்பிக் கண்ணாடி, வாங்க வந்தவர்களின் முகம். திலீபனுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். சாக்கை மேலே பார்க்காமல் கையை அடிவரை விட்டு எடுக்கிற முகம். தாம்பாளத்தை மேசையில் வைத்துவிட்டுப் பின்வரிசைக்குப் போய்த் தூண் மறைவில் நின்றுகொண்டான்.

ஞானசெல்வி பிளந்துகட்டினாள். மிளகைக் காட்டினாள், ஜாதிக்காயைக் காட்டினாள், பூண்டை முகர வைத்தாள். சிவப்பு நூல் மூன்றையும் கத்திரித்தபோது பந்து அவிழ்ந்து மாலைகள் பிரிந்து தொங்கின. மாணவிகள் "ஐயோ" என்றார்கள். திரும்ப முடிச்சுப் போட்டதும் சுருண்டன; கைதட்டினார்கள். ஒரு மாணவி எழுந்து, "வரிசை மாறினா என்ன மேடம், அதே அமினோ அமிலங்கள்தானே?" என்று கேட்டாள்.

"இந்த இன்சுலின் இன்னைக்குக் காலையில ஒம்பதேகால் மணிக்குப் பதினேழு கிண்ணத்துல இருந்துச்சு" என்று ஆரம்பித்தாள் ஞானசெல்வி. அப்புறம் "எல்லாம் பூச்சி, கழிவு" என்ற சீட்டுவரை ஒன்று விடாமல் சொன்னாள். வகுப்பு சிரித்து உருண்டது. பருமனான ஒரு பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூணுக்குப் பின்னால் ஒருவன் இன்னும் கொஞ்சம் ஒல்லியானான்.

சுந்தர்ராஜ் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து தாம்பாளத்தருகில் குனிந்தார். இரண்டாவது மாலையை ஒரு நுனியில் பிடித்து, ஒவ்வொன்றாக விரலால் தள்ளிக்கொண்டு போனார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. நின்றார்.

"ஏம்மா, முப்பதாவது இடத்துல திரியோனின்தானே வரணும்? நீங்க திரியோனினுக்குத் திராட்சைன்னு சொன்னீங்க. இது கிராம்பாட்டம் இருக்கே? கிராம்பு உங்க கணக்குல எது?"

ஞானசெல்வி குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. அவள் நிமிர்ந்து, தூணை நோக்கி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஈரப்பதம் பூஜ்யம். திலீபன் மனதுக்குள் பெங்களூர் பஸ்ஸுக்குக் கையசைத்துவிட்டான்.

திடீரென்று அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தான். இல்லை.

"அலனின் சார்" என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல். "கிராம்பு, அலனின். முப்பதாவது இடத்துல திரியோனினுக்குப் பதிலா அலனின் வந்தா... பிள்ளைகளா, இது மனுஷனோட இன்சுலினே இல்ல. பன்றியோடது!"

கூரை அதிர்ந்தது.

"ஐம்பத்தொண்ணுல ஒரே ஒண்ணுதான் நமக்கும் பன்றிக்கும் வித்தியாசம். அதுவும் வால் நுனியில. அதனால மடிப்பு கெடல, வேலையும் கெடல. அதனாலதான் அதை எடுத்து எத்தனையோ வருஷமா மனுஷங்களுக்குப் போட்டுக் காப்பாத்தினாங்க. ஆனா இதே மாதிரி ஒரு பூண்டை எடுத்துட்டு வேற எதையாவது வச்சிருந்தா, முடிச்சே விழுந்திருக்காது, பந்தே உருவாகியிருக்காது. எங்க மாத்தினா தாங்கும், எங்க மாத்தினா தாங்காது? இன்னைக்குப் பாடமே அதுதான்."

சுந்தர்ராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "இது திட்டம் போட்டு வச்சதா, தானா விழுந்ததா?"

"எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சவர் தூணுக்குப் பின்னாடி நிக்கிறாரு."

அறுபது தலைகள் திரும்பின. திலீபன் வெளியே வந்தான்.

"நீங்க யாரு?"

"சப்ளையர் சார்."

"ஏன் கிராம்பு வச்சீங்க?"

வாழ்க்கையில் முதல்முறையாகத் திலீபன் பேரம் பேசாமல் உண்மை சொன்னான். "ஐம்பதுதான் இருந்துச்சு சார். ஒண்ணை ஷெட்டுல ஒரு அக்கா தின்னுட்டாக. எண்ணிக்கை குறையக்கூடாதுன்னு பையில கிடந்தத வச்சேன். இவுகளுக்குத் தெரியாது. தப்பு என் மேலதான். இவுக மெஷின் காட்டுறதைத் தவிர ஒரு புள்ளி கூட்டியோ குறைச்சோ எழுத மாட்டாக. ஒரு வருஷமா நானும் கேட்டுப் பாத்துட்டேன்."

சுந்தர்ராஜ் அப்போதுதான் சிரித்தார். ஆரம்பித்தபின் நிறுத்தவே தெரியவில்லை. "நான் ரெண்டு வேளையும் ஊசி போட்டுக்கிறவன்பா. முதல் பத்து வருஷம் பன்றியோடதுதான். உன் கிராம்புக்கு ஒரு விதத்துல நான் கடன்பட்டவன்" என்றார்.

நாலு மணிக்குக் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஞானசெல்வி வெளியே வந்தாள். கையில் ஒரு உறை. வேன் அருகே நின்ற திலீபன் உறையையே பார்த்தான்.

"திங்கட்கிழமை சேரச் சொல்லிட்டாக" என்றாள்.

"எங்கன? பெங்களூர்லயா?"

"இங்கன!"

திலீபன் வேனின் கதவைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான். ஹாரனை அடித்தான். பக்கத்துக் கரும்புக்காட்டிலிருந்து கொக்குகள் எழும்பிப் பறந்தன. இதற்குமேல் விலையை முதலில் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்க அவனிடம் மூளை மிச்சமில்லை. "நான் ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தான்.

"முதல்ல கணக்கு" என்றாள் அவள்.

ஷெட்டின் துண்டுச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதியிருந்தாள். "எல்லாம் பூச்சி" என்ற எழுத்துகள் காகிதத்தின் ஊடே மங்கலாகத் தெரிந்தன. வேன் கதவில் சாய்ந்து நின்று திலீபன் படித்தான்.

பச்சை ஏலம் 6, வெளுத்த ஏலம் 2, பூண்டு 6, மிளகு 4, பாக்கு 4, காப்பிக்கொட்டை 4, புளியமுத்து 4, ஜாதிக்காய் 3, சுண்டைவற்றல் 3, இதர சில்லறை 12, திராட்சை 2.

கையிருப்பு 50.

சங்கிலியம்மாள் வயிற்றில் 1. ஆக 51.

கலப்படக் கிராம்பு 1: கணக்கில் சேராது, நான் வைத்துக்கொள்கிறேன்.

பாக்கி: திராட்சை 1. ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் ராயப்பன்பட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் நேரில் தரவும். பேரம் கிடையாது.